குலாபி மூத்திரம் போன ஞாயிற்றுக்கிழமை

“டாக்டர், அந்தக் கடைசி ஊசிய எடுத்துகினு வந்துருங்க. இனிமே பாக்க முடில. ஜும்மா தொழுகைக்கு முன்னாடி முடிச்சுட்டா நல்லது.”

நூர் முஹம்மது போனில் இதைச் சொன்னபோது நான் கோட்டூர்புரத்து வீட்டில் தோசைக்கல்லின் முன் நின்றுகொண்டிருந்தேன். யாருக்கு ஊசி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அவரிடம் இருப்பது ஒரே குதிரை. குலாபி. பெசன்ட் நகர் கடற்கரையில் மாலை வேளைகளில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அலை ஓரமாகப் போய்த் திரும்பும் செம்பழுப்புப் பெட்டை. அடையாற்றில் என் மருத்துவமனைக்கு வருவதெல்லாம் நாயும் பூனையும்தான். குதிரை என்று நான் தொட்டுப் பார்ப்பது குலாபி ஒன்றைத்தான்; முன்பொரு முறை குளம்பில் ஆணி ஏறியபோது எடுத்துவிட்டதிலிருந்து அவர் வேறு டாக்டரைக் கூப்பிடுவதில்லை.

அடுப்பை அணைத்தேன். பெட்டியில் இரண்டு பொருள்களை வைத்தேன். ஒன்று அவர் கேட்டது. மற்றது, எதற்கும் இருக்கட்டும் என்று எப்போதும் வைத்துக்கொள்ளும் சில்லறை மருந்துகளின் டப்பா. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

கடற்கரைக்குப் பின்னால் மீனவர் குப்பத்தின் கடைசிச் சந்தில், நூர் முஹம்மதின் வீட்டுக்கும் மாசிலாமணியின் வீட்டுக்கும் நடுவே தகரக் கொட்டகை ஒன்று உண்டு. அதற்குள் எட்டிப் பார்த்ததும் ஒரு கணம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. குலாபியின் முன்னங்கால்கள் இரண்டும் மணல் மூட்டைகளின் மேல் இருந்தன, பின்னங்கால்கள் தரையில். மேடையேறிப் பேசப்போகும் ஆள் மாதிரி நின்றது.

வாசலில் நூர் முஹம்மதின் மனைவி ஜைதூன் பீ கைகளை அகல விரித்துக்கொண்டு நின்றாள்.

“பொட்டிய தொறக்காதீங்க டாக்டர்.”

“நீ உள்ள போ” என்றார் நூர் முஹம்மது.

“நா எங்கயும் போமாட்டேன். நீங்க போங்க. போயி தொழுதுட்டு வாங்க. ஒரு உசுர எடுத்துட்டு தொழுவப் போறாராம்.”

“படுக்க முடியாம நிக்குதுடி. படுத்தா மூச்சு முட்டுது. நாலு நாளா கண்ணு மூடல. நீ தடவிக் குடுத்துகினே இருப்ப, அது நின்னுகினே சாவணுமா?”

இருவர் குரலும் உடைந்திருந்தது. ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபமில்லை என்பது கேட்டவுடனே தெரிந்தது. அதனால் நான் எந்தப் பக்கமும் பேசாமல் குதிரையிடம் போனேன்.

மார்பிலிருந்து மடி வரைக்கும் வயிற்றடியில் தலையணையைக் கட்டித் தொங்கவிட்டது போல வீக்கம். கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. கால்கள் மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன். ஸ்டெதஸ்கோப்பை முழங்கைக்குப் பின்னால் வைத்தேன். லப் டப் கேட்க வேண்டிய இடத்தில், திறந்துவிட்ட குழாய் இரைவது போல ஒரு சத்தம். வால்வு கசிகிறது. இதயம் திணறுகிறது, தள்ள முடியாத நீர் உடம்பில் தேங்குகிறது. சந்தேகமே இல்லை.

“பாத்தீங்களா?” என்றார் நூர் முஹம்மது. “மாத்திரையும் குடுத்துப் பாத்தாச்சு டாக்டர். கேக்கல. மாத்திரைக்கே கேக்கலன்னா உள்ள ஒண்ணும் மிச்சம் இல்லன்னுதான அர்த்தம்?”

“எந்த மாத்திரை?”

“நாந்தான் குட்த்தேன் டாக்டரம்மா.” பக்கத்து வீட்டிலிருந்து வசந்தி வந்தாள். மாசிலாமணியின் மனைவி, பெசன்ட் நகர் வீதிகளில் மீன் விற்பவள். பின்னாலேயே மாசிலாமணியும் லுங்கியை இறுக்கிக்கொண்டு வந்தார். “இதோ, இவருக்கு போன வருசம் இப்டித்தான். காலு ரெண்டும் உலக்க மாரி வீங்கிக்கினு, படுத்தா மூச்சு முட்டிக்கினு, உக்காந்தே தூங்குவாரு. ஆஸ்பத்திரில இதயத்துல கோளாறுன்னு நீர் மாத்திர குட்த்தாங்க. போச்சு பாரு, அப்டி போச்சு! வீக்கம் எல்லாம் வடிஞ்சுது. இப்ப குலாபிக்கும் அதே வீக்கம், அதே மூச்சு. அதே மாத்திரதான?”

“எத்தனை கொடுத்தீங்க?”

“இவரு அறுவது கிலோ. குலாபி முன்னூறு. அஞ்சு மடங்கு. இவருக்கு ஒண்ணுன்னா அதுக்கு அஞ்சு. காலைல ஒரு தபா, சாயங்காலம் ஒரு தபா.”

“வெறும் மாத்திரையோட நிக்கல டாக்டர்” என்றார் மாசிலாமணி பெருமையாக. “எனக்கு சொன்ன பத்தியம் மொத்தமும் அதுக்கு. உப்பு கட். கொள்ளுல ஒரு கல்லு உப்பு கெடையாது. தண்ணி அளவு. தூங்கசொல்ல தல மேடா இருக்கணும்னு எனக்கு சொன்னாங்க. அதுக்கு எங்க போயி தலகாணி வைக்கறது? அதான் மணல் மூட்ட.”

சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் சிரிக்க என்ன இருக்கிறது? நோயைச் சரியாகப் பிடித்திருந்தாள். மருந்தும் அந்த நோய்க்கு உரியதுதான். எடைக் கணக்குகூடச் சுமாராகச் சரி. அவ்வளவும் சரியாக இருந்தும் குதிரையின் வீக்கம் ஒரு விரற்கடை இறங்கவில்லை.

“துப்பிடுச்சுன்னு இவரு சொல்றாரு” என்றாள் ஜைதூன் பீ கணவரைக் காட்டி. “வெல்லத்துல வெச்சு உருட்டி ஊட்டுவேன். வாயத் தொறந்து நாக்குக்கு கீழ, கன்னத்துக்குள்ள எல்லாம் வெரல விட்டு பாப்பேன். ஒரு துணுக்கு இருக்காது. நா குடுக்கலன்னு சொல்றதா இருந்தா நேரா சொல்லச் சொல்லுங்க.”

“நா எப்படி சொன்னேன்?”

“மொகத்துல சொன்னீங்க.”

“மாத்திர டூப்ளிகேட்டோன்னு எனக்கு ஒரு டவுட்டு” என்று மாசிலாமணி குறுக்கே புகுந்தார். “என்னுது தீந்துபோச்சு. சரின்னு குலாபியோட அட்டைலருந்து ஒண்ண போட்டேன். போட்டுட்டு கட்டுமரத்துக்கிட்ட போறேன், பாதி வழில திரும்பறேன். மறுக்கா போறேன், மறுக்கா திரும்பறேன். அன்னிக்கு பூரா வீட்டுக்கும் கக்கூசுக்கும்தான் போய்க்கினு இருந்தேன். ஒரிஜினல் சரக்கு டாக்டர், அதுல டவுட்டே இல்ல.”

மாத்திரை நல்ல மாத்திரை. கொடுத்தது உண்மை. விழுங்கியதும் உண்மை. மனிதனுக்குப் போகிறது, குதிரைக்குப் போகவில்லை.

“எல்லாமே வாய் வழியாகத்தானே கொடுத்தீங்க?”

“பின்ன எந்த வழியா குடுப்பாங்க?” என்றார் மாசிலாமணி.

கையிலிருந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நூர் முஹம்மதின் பக்கம் திரும்பினேன். என் குரல் எனக்கே கொஞ்சம் சத்தமாகக் கேட்டது.

“பாய், இந்த மருந்து மனுஷன் குடல்ல ஏறும். நாய்க்கும் ஏறும். நானே தினமும் நாய்களுக்கு எழுதறேன். குதிரை குடல்ல ஏறாது. நூறு பங்கு கொடுத்தா அஞ்சு பங்குதான் ரத்தத்துக்குப் போய்ச் சேரும். மீதி அப்படியே சாணியில வெளிய வந்துடும். அதனாலதான் குதிரைக்கு இதை ஊசியாத்தான் போடறது. குலாபிக்கு நீங்க கொடுத்த அஞ்சு மாத்திரையில, கால் மாத்திரைதான் அதுக்குக் கிடைச்சிருக்கு. முந்நூறு கிலோவுக்குக் கால் மாத்திரை!”

“அப்போ மருந்து கரைக்கே வர்ல?” என்றார் மாசிலாமணி.

“வரவே இல்ல. பாய், மாத்திரைக்குக் கேக்கலன்னு சொல்லாதீங்க. குலாபிக்கு இன்னும் வைத்தியமே ஆரம்பிக்கல.”

ஜைதூன் பீ என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் சதையில் பதிந்தது. நூர் முஹம்மது குதிரையின் நெற்றியில் கையை வைத்தபடி நின்றார். தீர்ந்துவிட்டது என்று மனதைக் கல்லாக்கிக்கொண்ட ஆளிடம் தீரவில்லை என்று சொல்வது லேசான காரியமில்லை. நம்புவதற்கு அவருக்குப் பயமாக இருந்தது.

“பொட்டில அதுவும் இருக்குதா?” என்று கடைசியில் கேட்டார்.

இருந்தது. நாய்களுக்காக வைத்திருந்த குப்பிகள். எல்லாவற்றையும் சேர்த்தால் குலாபிக்கு ஒரு வேளைக்குச் சரியாக வரும். அவர் குதிரையின் தலையைப் பிடித்துக்கொள்ள, கழுத்து ரத்தக்குழாயைக் கட்டைவிரலால் தடுத்து, புடைத்ததும் ஊசியை ஏற்றினேன். குலாபி தலையை உதறியதில் ஒரு முறை தவறி, இரண்டாவது முறைதான் கிடைத்தது. மருந்து உள்ளே போனது. மூட்டைகளை அகற்றச் சொன்னேன். தண்ணீரை அளக்காமல் வைக்கச் சொன்னேன்.

அப்புறம் காத்திருந்தோம். சந்தில் செய்தி பரவிவிட்டது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், குழாயடியில் நின்றவர்கள், எல்லோரும் கொட்டகைக்கு வெளியே வந்து குவிந்தார்கள். “இன்னா வசந்தி, இன்னா கூட்டம்?” என்று யாரோ கேட்டதற்கு, “குதர ஒண்ணுக்குப் போவப் போவுது” என்று அவள் சொன்ன தோரணையில், ஏதோ தேர் புறப்படப்போவது போல இருந்தது.

நூர் முஹம்மது உதட்டைக் குவித்து மெல்லச் சீட்டியடிக்கத் தொடங்கினார். நீளமாக, தாழ்ந்த குரலில், ஒரே சுரம். குட்டியாக இருந்த நாளிலிருந்து அது நீர் விடும்போதெல்லாம் இப்படிச் சீட்டியடித்துப் பழக்கியிருந்தார். குதிரைக்காரர்கள் வழக்கம் அது. சவாரிக்கு முன்னால் சீட்டி கேட்டால், குதிரை காலை அகட்டி நின்று வேலையை முடித்துக்கொள்ளும். மாசிலாமணி உதவி செய்கிறேன் என்று இரண்டு விரலை வாயில் வைத்துப் படகுக்காரன் விசில் ஒன்று அடிக்க, குலாபி மிரண்டு தகரத்தில் மோதியது.

“யோவ், அத்த கொல்ல பாய் போதும், நீ வாய மூடு” என்றாள் வசந்தி.

குலாபி பின்னங்கால்களை அகட்டியது. வாலைத் தூக்கியது. கொஞ்சம் முன்னே சாய்ந்து முனகியது. அப்புறம் பாருங்கள்! கொட்டகைத் தரையில் கார்ப்பரேஷன் குழாய் உடைந்தது போல அடித்தது. மணல் நுரைத்தது. எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். நிற்கும், நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை. சந்தே கை தட்டியது. நான் கடிகாரத்தைப் பார்க்க மறந்து கை தட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி. அப்புறம் மறுபடி. மூன்றாவது முறைக்குச் சீட்டியே தேவைப்படவில்லை.

ஜும்மா முடிந்து நூர் முஹம்மது திரும்பியபோது குலாபி மூக்கை விரித்து மூச்சு வாங்குவதை நிறுத்தியிருந்தது. ஆனால் அவர் முகம் தெளியவில்லை.

“இது ஒரு நாள் கூத்து டாக்டர். நாளைக்கு?”

சரியான கேள்வி. நான் ஒளிக்காமல் சொன்னேன். வால்வு சரியாகாது. சவாரி இனி கிடையாது. எத்தனை மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நீரைத் தினமும் வெளியேற்றிக்கொண்டே இருந்தால் மூச்சு முட்டாமல், படுத்துத் தூங்கி, தின்று, வெயில் காய்ந்துகொண்டு இருக்கலாம்.

“தினமும்னா? தினம் ரெண்டு வேள அது கழுத்துல குத்தறதா?” அவர் தலையை ஆட்டினார். “இன்னிக்கே ரெண்டு தபா குத்துனீங்க. ஒரு மாசத்துல குழாய் கெட்டுப்பூடும். என்னைக் கண்டாலே ஓடும். சாவற வரைக்கும் குத்திகினே இருக்கறதுக்கு, அந்த ஒரு குத்து மேல்.”

“இன்னொரு நீர் மாத்திரை இருக்கு” என்றேன்.

“மறுக்கா மாத்திரையா!”

“வேற மருந்து. இதே வேலைதான், ஆனா இது குதிரை குடல்ல நல்லா ஏறுதுன்னு ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. கொஞ்சம் குதிரைகளுக்குத்தான் கொடுத்துப் பார்த்திருக்காங்க. நான் இதுவரைக்கும் ஒரு குதிரைக்கும் கொடுத்ததில்ல. பொய் சொல்லமாட்டேன், பாய். எனக்கும் தெரியாது.”

அவர் ஜைதூன் பீயைப் பார்த்தார். அவள் குதிரையைப் பார்த்தாள்.

“ஒரு தபா” என்றார். “ஞாயித்துக்கெழம. அதுக்கு மேல அத நிக்க வெச்சு வேடிக்க பாக்கமாட்டேன். அன்னிக்கு அந்த மருந்தையும் எடுத்துகினு வாங்க, இந்த மருந்தையும் எடுத்துகினு வாங்க. ஏதாவது ஒண்ணுதான் போடப்போறோம்.”

ஜைதூன் பீயும், “சரி” என்றாள்.

சனிக்கிழமை ஊசி போடவில்லை. போட்டால், ஞாயிறன்று எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும். அன்று மாலைக்குள் மாத்திரையைத் தேடிப் பிடிக்க வேண்டும். அடையாற்றுக் கடைகளில் சின்ன அளவுதான் இருந்தது. அதை வாங்கினால் ஒரு வேளைக்கு ஒரு சொம்பு நிறைய ஊட்ட வேண்டும். பெரிய அளவு மயிலாப்பூரில் இருக்கும் என்றார்கள். மாட வீதியில் ஆட்டோக்களுக்கும் பூக்காரிகளுக்கும் நடுவே ஸ்கூட்டரைச் சொருகிவிட்டு ஒரு மருந்துக் கடையில் ஏறினேன். கவுண்ட்டரில் சட்டைப்பையில் ‘நிரஞ்சன்’ என்று பெயர் குத்திய இளைஞர் சீட்டை வாங்கிப் பார்த்தார்.

“பேஷன்ட் பேர்?”

“குலாபி.”

“வயசு?”

“பதினாலு.”

அவர் நிமிர்ந்தார். “மேடம், பதினாலு வயசுக் கொழந்தைக்கு ஒரு வேளைக்கு இவ்ளோவா? கிட்னி பேஷன்டுக்கே இது ஒண்ணு, ரெண்டுதான் போகும். யார் எழுதினது?”

“நான்தான். எடை முந்நூறு கிலோ.”

என் பக்கத்தில் பிரஷர் மாத்திரைக்குக் காத்திருந்த மாமி ஒருத்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். “பகவானே! பதினாலு வயசுல முந்நூறு கிலோவா? தைராய்டு பாத்தேளோ? எங்காத்துல எங்க நாத்தனார் பொண்ணு இப்படித்தான் ஊதிண்டே போனா.”

“குதிரை மாமி.”

“அப்படியெல்லாம் சொல்லப்படாது, கொழந்தைய.”

“நிஜமாவே குதிரை. நான் கால்நடை டாக்டர்.”

நிரஞ்சன் சீட்டை மறுபடி படித்தார். இந்த முறை மேலே அச்சடித்திருந்த என் பெயரையும் பட்டத்தையும். அப்புறம் அவருக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. ஏணியில் ஏறி மேல் தட்டிலிருந்து அட்டைகளை இறக்கினார். போதாமல் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு, “குதிரைக்குப்பா, குதிரைக்கு! அட, நெஜமா!” என்று கத்தினார். மாமி தன் மாத்திரையை வாங்கிக்கொண்டும் போகவில்லை. “ஜானவாசத்துல மாப்ளைய ஏத்திண்டு வருமே, அந்தக் குதிரையா?” “இல்ல மாமி, பீச் குதிரை.” “எதுவானா என்ன, நாளைக்கு நன்னா போகட்டும்” என்று கோபுரம் இருந்த பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் படியிறங்கினாள்.

ஞாயிறு காலை நான் போனபோது வயிற்றடி வீக்கம் பழையபடி திரும்பிக்கொண்டிருந்தது. குலாபியின் மூக்குத் துளைகள் மறுபடி விரிந்து சுருங்கின. பெட்டியைத் திண்டின் மேல் வைத்தேன். நூர் முஹம்மதின் கண் பெட்டிக்குப் போய் என்னிடம் திரும்பியது.

வெல்ல உருண்டையைக் குலாபி முகர்ந்து பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டது. இத்தனை நாள் ஏமாந்தது போதும் என்று நினைத்ததோ என்னவோ. ஜைதூன் பீ ஒரு வினாடி யோசித்தாள். மாத்திரைகளை அம்மியில் வைத்துப் பொடித்தாள். சர்க்கரைப் பாகில் குழைத்தாள். என்னிடமிருந்த பெரிய சிரிஞ்சில் ஊசியில்லாமல் உறிஞ்சி, கடைவாய் ஓரமாக விட்டு ஒரே அழுத்து. குலாபி சப்புக்கொட்டியது. சிரிஞ்சைக் கழுவி அந்தத் தண்ணீரையும் விட்டாள். ஒரு துளி கீழே விழவில்லை.

“இனிமே யாரும் சீட்டி அடிக்கக் கூடாது” என்றார் நூர் முஹம்மது.

“ஏன் பாய்?” என்றார் மாசிலாமணி.

“நா சீட்டி அடிச்சா அது எனக்காகப் போவும். முடியாட்டியும் முக்கிப் போவும். அது எனக்குத் தெரியும். இன்னிக்கு மருந்துக்காகப் போவணும். இல்லாட்டி நானே என்னை ஏமாத்திக்கினா மாரி.”

எனக்குச் சுருக்கென்றது. சோதனை வைப்பதென்றால் இப்படித்தான் வைக்க வேண்டும். வசந்தி தன் புருஷனிடம், “நீ வெத்தல போட்டுக்க, வாய் சும்மா இருக்கும்” என்றாள்.

காத்திருந்தோம். வெயில் தகரத்தின் மேல் ஏறியது. ஒன்றும் இல்லை. குலாபி தண்ணீர் குடித்தது. வைக்கோலை இழுத்தது. ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை வந்த கூட்டம் இன்றும் வந்திருந்தது. அப்போது பார்த்துக் கடற்கரைச் சாலையிலிருந்து ஒரு விசில்! ஞாயிற்றுக்கிழமை உடற்பயிற்சிக் கூட்டத்தின் மாஸ்டர், “ஒன், டூ” என்று ஊதிக்கொண்டிருந்தார். குலாபி காதை நிமிர்த்தியது. வால் அசைந்தது.

“அய்யோ, அவன் கெடுத்தான்!” என்று வசந்தி எழுந்தாள். “தோ வரேன். அந்த ஊதியப் புடுங்கி கடல்ல போட்டுட்டு வரேன்.” சொன்னதோடு நிற்காமல் ஓடினாள். விசில் பாதியில் நின்றது. பிறகு ஒரு ஆண் குரலும் வசந்தியின் குரலும் கேட்டன. பிறகு வசந்தியின் குரல் மட்டும். அதன் பிறகு உடற்பயிற்சிக் கூட்டம் கைத்தட்டலுக்கு மாறிவிட்டது.

குலாபியின் வால் இறங்கியது. ஒன்றும் இல்லை.

நூர் முஹம்மது எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். குடலில் ஏறியிருந்தால் இந்நேரம் தெரிய வேண்டும். ஏறவில்லையென்றால் பெட்டியைத் திறக்க வேண்டியது நான். ஜைதூன் பீ குலாபியின் கழுத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு, அதன் காதுக்குள் உருதுவில் ஏதோ சொல்லிக்கொண்டேயிருந்தாள்.

குலாபி ஓர் அடி பின்னால் வைத்தது. அகட்டியது.

“பாய்!” என்று மாசிலாமணி வெற்றிலையோடு கத்தினார்.

அடித்தது. நல்ல சத்தம். சந்தில் ஆரவாரம் கிளம்பியது. நூர் முஹம்மது திரும்பினார். ஆனால் கையை உயர்த்தி எல்லோரையும் அமர்த்தினார்.

“இது கணக்குல சேராது. எந்தக் குதரையும் காலைல ஒரு தபா போவும். ரெண்டாவது போவட்டும்.”

“பாவி மனுசா!” என்றாள் ஜைதூன் பீ.

“கத்தாத. ரெண்டாவது போவட்டும்.”

அவர் சொன்னது நியாயம்தான். இந்த முறை முதுகைக் காட்டவில்லை. குலாபியின் முன்னால் மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணெடுக்காமல் அதன் வயிற்றடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடுகள் தாமாகக் குவிந்தன. சட்டென்று உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவ்வளவு நேரம் ஆகவில்லை. குலாபி மறுபடி காலை அகட்டியது. இந்த முறை முதலில் போனதைவிட நீளமாக, வெளிர்ந்து, பச்சைத் தண்ணீர் போலப் போனது. நின்றது. ஓர் இழுப்பு மூச்சு விட்டது. மிச்சமும் போனது. நூர் முஹம்மது இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. தரையில் ஓடி வந்தது அவர் பாதத்தை நனைத்தது. வாயைப் பொத்திய கை அப்படியே இருக்க, கண்களிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

“ஏறிடுச்சு!” என்று நான் கத்தினேன். “பாய், குடல்ல ஏறிடுச்சு! வாய் வழியா கொடுத்தது வேலை செய்யுது!”

வசந்தி ஜைதூன் பீயைத் தூக்கியே விட்டாள். மாசிலாமணி இரண்டு விரலை வாயில் வைத்து, இனிமேல் தடையில்லை என்று, காது கிழியும்படி ஒரு விசில் அடித்தார். சந்து முழுவதும் அடித்தது. எதிர் வீட்டு மாடியிலிருந்து யாரோ தட்டை எடுத்துத் தட்டினார்கள்.

நான் சத்தத்துக்கு நடுவே இனி செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்ல முயன்றேன். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். உப்பைப் பற்றி ரத்தம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், மாசிலாமணியின் பத்தியம் இதற்கு வேண்டாம். சோர்ந்து நின்றால் உடனே கூப்பிட வேண்டும். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. நூர் முஹம்மது மட்டும் எழுந்து, நனைந்த காலோடு என்னிடம் வந்தார்.

“டாக்டர், அடுத்த வேள எப்ப?”

“சாயந்திரம்.”

“இப்பவே பொடிச்சி வெச்சிடட்டா?”

“இன்னும் மத்தியானமே ஆவல, அதுக்குள்ள சாயங்காலத்துக்கா?” என்றாள் ஜைதூன் பீ. “வெள்ளிக்கெழம யாரோ ஜும்மாவுக்கு முன்னாடி முடிக்கச் சொன்னாங்க. எந்த ஊரு ஆளு அவரு?”

“நீ சும்மா இரு. அம்மி எங்க?”

“நீங்க பொடிச்சா பாதி கீழ போவும். தள்ளுங்க.”

“நா பொடிக்கறேன்னு சொல்றேன்ல.”

இருவரும் அம்மிக் குழவியின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றார்கள். நான் பெட்டியைத் திறக்காமலே எடுத்து ஸ்கூட்டரில் மாட்டினேன். பின்னால் கொட்டகையில் குலாபி மறுபடி அகட்டி நின்றது. இந்த முறை யாரும் அதைப் பார்க்கக்கூட இல்லை.